விசேஷமில்லாத விருந்து

கறி வெந்து இறக்கியாகிவிட்டது. பந்தலில் இலையும் போட்டாகிவிட்டது. சாப்பிடத்தான் ஒருவரும் வரவில்லை.

மீனம்மாள் பந்தல்காலைப் பிடித்தபடி தெருவைப் பார்த்து நின்றாள். அவள் புருஷன் வீரய்யா மொய்த் தாம்பாளத்துக்குப் பக்கத்தில் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தான்.

“வாரவுக என்ன விசேசம்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?” விடிந்ததிலிருந்து அவனுக்கு இதே கவலை.

இருவரும் கறம்பக்குடிச் சந்தையில் சோடா விற்றுப் பிழைக்கிறவர்கள். பட்டுக்கோட்டையிலிருந்து பாட்டில் வாங்கிவந்து விற்றதில் கிடைத்த லாபமெல்லாம் வண்டி வாடகைக்கே போனது. சொந்தமாக ஒரு சோடா மிஷின் இருந்தால் தலையெடுத்துவிடலாம். பணம் தருவதாக வட்டிக்காரரும் சொன்னார். ஆனால் வாரம் தவறாமல் தவணை கட்டவேண்டுமாம். ஐப்பசி அடைமழையில் சோடாவை யார் சீண்டுவார்கள்?

மீனம்மாள்தான் வேறு வழி யோசித்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து விசேஷம் நடந்து அவர்கள் மொய் செய்யாத வீடு அந்த ஊரில் இல்லை. காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எதையும் விட்டதில்லை. கையில் இல்லாத நாளில் கைமாற்று வாங்கிக்கொண்டாவது போனார்கள். செய்த மொய் திரும்பி வரவேண்டுமானால் தங்கள் வீட்டிலும் ஒரு விசேஷம் நடக்க வேண்டும். அதற்கு ஒரு பிள்ளை வேண்டும்.

பிள்ளை இல்லை. இனிமேல் பிறக்காது என்று மருத்துவச்சியும் சொல்லிவிட்டாள்.

“பிள்ளை இல்லாட்டி நாம போட்டது போட்டதுதானா?” என்று புருஷனைக் கேட்டுவிட்டு, மறுநாளே வெற்றிலை பாக்குடன் வீடு வீடாகக் கிளம்பிவிட்டாள்.

பொய்யாக ஒரு விசேஷத்தைச் சொல்லவில்லை. விசேஷம் ஒன்றும் இல்லை, சோடா மிஷின் வாங்கப்போகிறோம், ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாருங்கள் என்றுதான் சொன்னாள். சில வீடுகளில் அவள் வாசல் தாண்டும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அவளுக்கும் அது தெரியும்.

ஆட்டைக் கடனுக்குத்தான் பிடித்திருந்தாள். யாரும் வராவிட்டால் அந்தக் கடனும் தலையில் விழும்.

உச்சிவெயிலில் ஆண்டியப்பன் வந்தார். மகள் கல்யாணத்தில் இவர்களிடம் மொய் வாங்கியவர். பந்தலைச் சுற்றிப் பார்த்தார். தோரணம் இல்லை, மேளம் இல்லை.

“விசேசம் எங்க ஆத்தா?”

“எலையில இருக்குண்ணே. உக்காருங்க.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். உட்கார்ந்து சாப்பிட்டார். கைகழுவி வந்து, தான் வாங்கிய மொய்யைத் தாம்பாளத்தில் வைத்தார். அதற்கு மேலும் கொஞ்சம் வைத்தார்.

மேலே வைத்தது புது மொய். அவர் வீட்டில் அடுத்த காரியம் வரும்போது திருப்பிச் செய்தால் போதும். வட்டி கிடையாது, தவணையும் கிடையாது.

“இந்தப் புள்ளைக்கு இருக்கிற தைரியம் நமக்கு வருமா?” என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டே போனார் அவர். பிறகு பந்தலில் உட்கார இடமில்லை. வீரய்யா தலை நிமிர்ந்தான். மீனம்மாள் அண்டாவுக்கும் இலைக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள்.

கடைசிப் பந்தியில், ஓரத்து இலையில் கீழத்தெரு அழகி வந்து உட்கார்ந்தாள். அவளை மீனம்மாள் அழைத்திருக்கவில்லை. இருந்தாலும் மற்றவர்களுக்கு வைத்ததைவிட ஒரு கரண்டி கறி கூடவே வைத்தாள்.

சாப்பிட்டு எழுந்த அழகி, முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தாம்பாளத்தில் காசை வைத்தாள்.

வீரய்யா பதறிப்போனான். “ஒங்களுக்கு நாங்க எதுவும் செஞ்சதில்லையே அக்கா?”

“செய்யலதான். எம்பேரையும் எழுதிக்கங்க. வர்ற ஆடிக்கு நான் எலை போடுறேன், எனக்கு ஒரு தையல் மிஷின் வாங்கணும்” என்றாள் அழகி. பிறகு மீனம்மாளின் பக்கம் திரும்பினாள். “விசேசம் ஒண்ணும் இல்லைன்னு சொன்னாங்க. அதான் தைரியமா வந்தேன்.”

தாலி அறுத்த நாளிலிருந்து அழகி எந்த வீட்டுப் பந்தலுக்குள்ளும் கால் வைத்ததில்லை. யாரும் வைக்க விட்டதுமில்லை.