கிராணிக்குத் தெரியாத இங்கிலீஷ்

"இங்கிலீஷே வராதுன்னு சொல்லிடுங்க. மீறிக் கேட்டா தப்புத் தப்பாப் பேசிடுங்க" என்றாள் பவுலின்.

கிரகரிக்குக் கன்னத்தில் அறை விழுந்தது போலிருந்தது. அந்தத் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி அவர். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போகும் வரை, அவரிடம் பிழையில்லாமல் இங்கிலீஷ் பேசிய ஒரே ஆள். கங்காணி சிங்காரமோ வாய்க்கு வந்ததை அடித்துவிடுவான். நாலு பேர் முன்னால் அவனைத் திருத்தாவிட்டால் கிரகரிக்குச் சோறு இறங்காது.

இப்போது மலாயாவில் ஜப்பான்காரன் ஆட்சி. இங்கிலீஷ் தெரிந்தவர்களைத் தேடுகிறார்கள் என்று பக்கத்து டவுனான தானா ராத்தாவிலிருந்து செய்தி வந்திருந்தது. வேறு எதற்குத் தேடுவார்கள்? வெள்ளைக்காரனின் கையாள் என்று அடித்துக் கொல்லத்தான். புருஷனும் பெண்டாட்டியும் அப்படித்தான் நம்பினார்கள்.

காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஜப்பானிய அதிகாரி நின்றான். கிரகரியைப் பார்த்து, இங்கிலீஷில் ஏதாவது பேசச் சொன்னான்.

"மீ... நோ இங்கிலீஷ். மீ... நேம் கால் ஒன்லி."

கொழுந்து பறிக்கும் பெண்கள்கூடத் திகைத்துப்போனார்கள். கிரகரி தலையைத் தூக்கவில்லை. அவமானத்தில் உடம்பு கூசியது.

கிராணிக்குப் பயத்தில் நாக்குக் குழறுகிறது என்று நினைத்து, சிங்காரம் உதவிக்கு வந்தான். "மாஸ்டர், திஸ் மேன் ஃபியர் கமிங். யூ ஆஸ்க் மீ. ஆல் மேன், ஆல் ஒர்க், ஐ நோ!"

அதிகாரி திருப்தியாகத் தலையாட்டினான். சிங்காரத்தைத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

சாயங்காலம் சிங்காரத்தின் மனைவி அம்மாக்கண்ணு ஓடிவந்தாள்.

"அவருக்கு இங்கிலீஷ் வராதுன்னு நீங்கதானேங்கய்யா எப்பவும் சொல்லுவீங்க. அத அவங்ககிட்ட ஒரு தடவ வந்து சொல்லுங்கய்யா. விட்டுடுவாங்க."

கிரகரிக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியாது என்று சொல்லி அனுப்பினாள் பவுலின். உள்ளே போர்வைக்குள் அவர் நன்றாகத்தான் இருந்தார். தன்னைப் போல ஒரு கோழை இந்த மலையிலேயே இருக்க மாட்டான் என்று தோன்றியது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் பெரட்டுக் களத்தில் ஒரு லாரி நின்றது. அதன் பக்கத்தில், அதிகாரிக்கு அருகே, சிங்காரம். உடம்பில் ஒரு கீறல் இல்லை. கையில் ஜப்பானிய எழுத்துப் போட்ட பட்டை கட்டியிருந்தான்.

நல்லவேளை, உயிரோடு இருக்கிறான் என்று கிரகரி பெருமூச்சு விட்டார். அதற்குள் சிப்பாய் ஒருவன் அவர் தோளைப் பிடித்து லாரிப் பக்கம் தள்ளினான். தோட்டத்து ஆண்கள் பலர் ஏற்கெனவே அதில் ஏறியிருந்தார்கள்.

"சிங்காரம், என்னப்பா இது?"

சிங்காரம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"சயாம் காட்டுல ரயில் ரோடு போட ஆள் புடிக்கிறாங்கய்யா. இங்கிலீஷ் தெரிஞ்சவன மட்டும் இங்க ஆபீஸ் வேலைக்கு வச்சுக்குவாங்களாம். என்னைய விட நீங்கதான் நல்லாப் பேசுவீங்கன்னு விடிய விடியச் சொன்னேன். நேத்து நீங்க பேசுனத அந்தாளே காதால கேட்டுட்டானாம், நம்ப மாட்டேங்கிறான்யா."