மகாதேவன் வாங்கிய துப்பாக்கி

"மான் வேட்டைக்குப் போகப் போறீங்களா? நீங்களா?"

ஸ்வர்ணா கேட்டதில் நியாயம் இருந்தது. மகாதேவன் முட்டைகூடச் சாப்பிடாதவன். அமெரிக்காவில், ஆலன் என்ற ஊரில் வீடு வாங்கியதிலிருந்து உள்ளே வந்த ஒரு பல்லியைக்கூட அவள் அடிக்க அவன் விட்டதில்லை. இப்போது அவன் கராஜில் ஒரு பழைய வேட்டைத் துப்பாக்கி!

"நஞ்சுண்டன் வித்தான். டெக்சஸ்ல இதெல்லாம் சகஜம் ஸ்வர்ணா."

"வேலை போனா, வீட்டுல கிடக்கிறதையெல்லாம் ஃப்ரெண்ட்ஸ் தலையில கட்டிடுவாரா?"

மகாதேவன் துப்பாக்கியை உறையில் போட்டு கராஜ் அலமாரியில் வைத்தான்.

அவனும் நஞ்சுண்டனும் ஒரே டெலிகாம் கம்பெனி. ஏப்ரல் லே-ஆஃபில் நஞ்சுண்டன் பெயர் வந்தது, மகாதேவன் பெயர் வரவில்லை. நஞ்சுண்டனின் மனைவி பர்வதம் பிள்ளைகளோடு சொந்த ஊரான கோபிக்குப் போயிருந்தாள். லீவுக்கு என்று சொல்லியிருந்தான்.

துப்பாக்கி வந்த நாளிலிருந்து தினம் சாயங்காலம் மகாதேவன் போனை எடுத்துவிடுவான்.

"நஞ்சுண்டா, போல்ட் மறுபடியும் மாட்டிக்கிச்சுடா. இழுத்தா வரமாட்டேங்குது. கொஞ்சம் வாயேன்."

நஞ்சுண்டன் வருவான். மழிக்காத தாடி, கசங்கின சட்டை. குண்டு ஏற்ற இழுக்கும் அந்தப் போல்ட்டைக் கழற்றித் துடைப்பான். கம்பியில் துணி சுற்றிக் குழாய்க்குள் விட்டு இழுப்பான். துணி கறுப்பாக வரும்.

"எண்ணெய் ஜாஸ்தி விட்டுட்டே மகா. தூசிதான் ஒட்டும்."

"நாளைக்குச் சரியாப் பண்றேன்."

மறுநாளும் மாட்டிக்கொள்ளும். வீடு முழுக்க எண்ணெய் நாற்றம். வேலை முடிந்ததும் நஞ்சுண்டன் தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டுப் போவான்.

"நீங்க எஞ்சினியர்தானே? ஒரு போல்ட்டைத் துடைக்கத் தெரியலையா?" என்று ஸ்வர்ணா எரிந்து விழுவாள். "வீட்டுல ஒரு குண்டுகூட இல்லைங்கிறீங்க. அப்புறம் எதுக்குத் தினம் கிளீனிங்?"

"பழகிட்டிருக்கேன்."

வெள்ளிக்கிழமை டேகேர் டீச்சர் ஸ்வர்ணாவைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு படத்தைக் காட்டினாள். மகள் மானஸா வரைந்தது. அப்பா, அங்கிள், நடுவில் துப்பாக்கி. ஸ்வர்ணாவுக்கு அவமானத்தில் முகம் எரிந்தது.

அன்று மகாதேவன் ஆபீஸ் மீட்டிங்கில் மாட்டிக்கொண்டான். நஞ்சுண்டன் வழக்கம்போல வந்து நின்றான். ஸ்வர்ணா அலமாரியைத் திறந்து, உறையோடு துப்பாக்கியை எடுத்து நீட்டினாள்.

"தயவுசெஞ்சு இதை எடுத்துட்டுப் போயிடுங்க. சின்னக் குழந்தை இருக்கிற வீடு இது."

அவன் கையை நீட்டவில்லை. "மகா வந்துடட்டுமேங்க..."

"அவர் வந்தா விட மாட்டார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும், எடுத்துட்டுப் போங்க."

அவளே கொண்டுபோய் அவன் கார் ட்ரங்க்கில் வைத்தாள். அவன் கிளம்பிப் போனான். இத்தனை நாளில் முதல் தடவையாக அவளுக்கு நிம்மதியாக மூச்சு வந்தது.

கொஞ்ச நேரத்தில் காலிங் பெல்.

நஞ்சுண்டன்தான். கையில் கார் சாவி.

"ட்ரங்க்குலதான் இருக்குதுங்க. நீங்களே எடுத்து உள்ள வெச்சுப் பூட்டிடுங்க. தெருமுனை வரைக்கும் போனேன். அதோட வீட்டுக்குப் போக என்னால முடியலீங்க."

"ஏன்? என்ன ஆச்சு?"

"பர்வதம் இனிமே வரமாட்டாளுங்க. போன்லயே சொல்லிட்டா." அவன் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டான். "அவ சொன்ன அன்னைக்கு மகா என்னைப் பார்க்க வந்தப்ப, நான் கராஜ்ல அதை மடியில வெச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். அவன் ஒரு கேள்வி கேக்கலீங்க. எனக்கு வேட்டை கத்துக்கணும், வித்துடுன்னு சொல்லிக் கையிலிருந்து வாங்கிட்டுப் போயிட்டான்."

ஸ்வர்ணா கார் சாவியை வாங்கிக்கொண்டாள்.

"அப்போ, அந்தப் போல்ட்?"

"அதுல ஒரு கோளாறும் இல்லீங்க. நான் வர்றதுக்குள்ள அவனே ஏதாச்சும் பண்ணி மாட்ட வெச்சுடறான். இன்னைக்கும் நான் இருக்கேனான்னு அவனுக்குப் பார்க்கணும்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"எனக்குத் தெரியும்னு மட்டும் அவன்கிட்ட சொல்லிடாதீங்க. அப்புறம் கூப்பிட மாட்டான்."