வினோதா பேருக்கு வந்த கடிதம்

“கடிதம் என் கைக்கு வர்ற வரைக்கும் நான் இங்கதான் உக்காந்திருப்பேன்.”

தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள் வினோதா. காலை ஒன்பது மணி. உள்ளே பெரிய கிளாக்கர் பேரின்பநாயகம் தலையைத் தூக்காமல் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

கொழுந்து பறிக்கிற மலைக்குச் செய்தி போக எவ்வளவு நேரமாகும்? அம்மா லெட்சுமி கூடையோடு ஓடி வந்தாள்.

“எந்திரி புள்ள! கிளாக்கர் ஐயாவோட மல்லுக்கு நிக்கலாமா? நாளைக்கு ஒரு காயிதம் எழுதணும்னா இவருகிட்டத்தானே வரணும்?”

“அதுக்காக என் கடிதத்த அமுக்கி வச்சா சும்மா இருக்கணுமாம்மா?”

விஷயம் இதுதான். கார்ட்டூன் படம் செய்கிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை கொழும்பில் கூடுகிற மாநாடு ஒன்று இருக்கிறது. நல்ல படங்களைத் திரையிலும் போடுவார்கள். அதற்கு வினோதா ஒரு படம் அனுப்பியிருந்தாள். தோட்டத்துத் துரையின் காலுறைக்குள் ஏறிக்கொண்ட ஓர் அட்டைப்பூச்சி, பங்களா முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிற கதை. இரண்டரை நிமிஷப் படத்துக்கு ஆயிரத்து எண்ணூறு சித்திரம். அத்தனையும் கையால் வரைந்து, ஒவ்வொன்றாய்ப் போனில் படம் பிடித்துக் கோத்தது. பதினொரு மாத வேலை.

பதில் வரவேயில்லை. நேற்றுப் பாறை மேல் ஏறி, சிக்னல் பிடித்து, கொழும்புக்குப் பேசினாள். “போன மாசமே பதிவுத் தபால்ல அனுப்பிட்டோமே. உங்க தோட்ட ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டு எடுத்திருக்காங்க” என்றார்கள். அதற்குள் லைன் அறுந்துவிட்டது.

தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்கு ஏது தனி விலாசம்? தபால் எல்லாம் ஆபீசுக்குத்தான் வரும். இங்கிலீஷில் வந்தால் பெரிய கிளாக்கரே பிரித்து, வாசித்து, அர்த்தம் சொல்லிக் கொடுப்பார். எத்தனையோ வருஷமாய் அதுதான் வழக்கம். யாரும் குறை சொன்னதில்லை.

தொழிற்சங்கத் தலைவர் சோலைமலைக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. வந்து நின்றார்.

“நம்ம புள்ளைங்க முன்னுக்கு வந்தா ஆபீஸ்காரங்களுக்குப் பொறுக்காது. ஒரு போராட்டம் வச்சிருவோமா?”

“போராட்டம் வேணாங்க தலைவரே. கடிதம் போதும்.”

பேரின்பநாயகம் கண்ணாடியைக் கழற்றினார்.

“பிள்ளை, உள்ளுக்கு வாரும்.”

மேசை லாச்சியைத் திறந்து, அடியிலிருந்து ஒரு நீளக் கவரை எடுத்தார். பிரித்த கவர்.

“இருக்குதானே! ஏன் ஐயா குடுக்கல?”

“போன வருஷமும் உமக்கு ஒரு கடிதம் வந்தது. ‘இல்லை’ எண்டு. நான்தான் வாசிச்சுச் சொன்னனான். நீர் என்ன செய்தனீர்? வரைஞ்ச கொப்பி எல்லாத்தையும் அடுப்பில போட்டனீர். நாலு நாளாச் சாப்பிடேல்லை எண்டு உம்மட அம்மா இதே வாசலில நிண்டு அழுதவா.”

அவர் கவரைத் திருப்பிப் பார்த்தார்.

“இந்த முறையும் ‘வருந்துகிறோம்’ எண்டுதான் துவங்குது. உம்மட கையில தர எனக்கு மனம் வரேல்லை. அதுதான் மடிச்சு உள்ளுக்கு வச்சனான்.”

வாசலில் நின்ற லெட்சுமி கையெடுத்துக் கும்பிட்டாள்.

“பாத்தியாடி? பெத்த தகப்பன்கூட இப்புடி நெனைக்க மாட்டான். ஐயா கால்ல விழு!”

போராட்டம் வைக்க வந்த தலைவர் மெல்ல நழுவினார்.

வினோதா விழவில்லை. கையை நீட்டினாள்.

“போன வருஷம் அழுதேன். இந்த வருஷமும் அழுவேனோ என்னவோ. அது என் அழுகைங்க ஐயா. அத நீங்க லாச்சியில போட்டு வைக்கக் கூடாது.”

கடிதத்தை வாங்கினாள். போனில் அகராதியைத் திறந்து, விரல் வைத்து எழுத்துக்கூட்டினாள். முதல் வரி அவர் சொன்னதுதான். ‘வருந்துகிறோம், இப்போதுள்ளபடி இந்தப் படத்தைத் திரையிட முடியாது.’ அவள் விரல் அடுத்த பந்திக்குப் போனது. அங்கே நின்றுவிட்டது.

“ஐயா, இதுக்குக் கீழ நீங்க வாசிக்கலையா?”

“முதல் வரியோடயே மடிச்சிட்டனே. ஏன், என்ன கிடக்கு?”

வினோதா கடிதத்தை அவர் பக்கம் திருப்பினாள். அவர் கண்ணாடியை மாட்டி, வழக்கம்போல் அர்த்தம் சொல்லத் தொடங்கினார்.

“‘படத்தில் சத்தம் சேர்க்கவில்லை. அது ஒன்றுதான் குறை. உங்கள் அட்டையைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோம். சத்தம் சேர்த்துப் பதினைந்தாம் திகதிக்குள் அனுப்பினால், மாநாட்டின் முதல் படமாக அதைத்தான் போடுவோம்.’”

அன்றைக்குத் திகதி பதினெட்டு.

அவர் கடிதத்தை மேசையில் வைத்தார். “ஐயோ பிள்ளை, நான் நல்லது எண்டு நினைச்செல்லோ...”

வினோதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. புறங்கையால் துடைத்தாள். மேசையிலிருந்த வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்து, பேனாவையும் திறந்து கொடுத்தாள்.

“மாநாட்டுக்கு இன்னும் பத்து நாள் இருக்குங்க. சத்தத்த இன்னைக்கே சேத்துருவேன். மூணு நாள் பிந்திருச்சு, படத்த எடுத்துக்கணும்னு நல்ல இங்கிலீஷ்ல நீங்கதான் எழுதிக் குடுக்கணும்.”

அவர் எழுதினார். பாதியில் பேனா நின்றது.

“ஏன் பிந்தினது எண்டு கேப்பினம். காரணம் என்ன எண்டு எழுதுறது, பிள்ளை?”

“‘இரக்கம்’னு எழுதுங்க ஐயா.”