அத்தான் கேட்ட மீன்

“இதை எந்தக் கடையில புடிச்ச? உண்மையைச் சொல்லு!”

செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் உள்ளே வந்த அத்தான், கூடத்துச் சுவரை அடைத்து நின்ற உப்புநீர்த் தொட்டியின் முன் அப்படியே நின்றுவிட்டார். வெளிநாட்டு வேலை முடிந்து, நாலு வருஷம் கழித்து அக்காவோடு இப்போதுதான் வருகிறார். மச்சினியை நலம் விசாரிக்கக்கூடத் தோன்றவில்லை.

தொட்டிக்குள் ஒரு சாணுக்கும் மேலான ஏஞ்சல் மீன். நீல உடம்பில் நீள நீளமாய் மஞ்சள் கோடுகள். முகமூடி கட்டியதுபோல் கண்மேல் ஒரு கறுப்புப் பட்டை. பாறை இடுக்கிலிருந்து வெளியே வந்து, ‘யார் வீட்டுக்குள்ள வந்திருக்கறது?’ என்று கேட்பதுபோல் அவரை முறைத்தது.

“கடையில வாங்கலை அத்தான்” என்றாள் அவள்.

“பின்னே, வானத்துல இருந்து குதிச்சுதா? இந்த மீனெல்லாம் எல்லார்கிட்டயும் நிக்காதும்மா. பதினஞ்சு வருஷமா மீன் வளர்க்கிறேன், எனக்கே நிக்கலை!”

சமையலறையிலிருந்து அவள் கணவர் எட்டிப் பார்த்தார். “இவகிட்ட நின்னுடுச்சே அண்ணே! ஆஸ்பத்திரியில ஊரார் ரத்தத்தையே சுத்தம் பண்ற மெஷினை ஓட்டுறவ, தொட்டித் தண்ணிய சும்மா விடுவாளா?”

அக்கா சிரித்தாள். அவளும் சிரித்தாள். ஆனால் அது சும்மா நிற்கவில்லை. வந்த புதிதில் மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. எதைப் போட்டாலும் வாயில் வாங்கித் துப்பியது. “இது தேறாது, விட்டுடு” என்று கணவரே சொன்னார். அவள் விடவில்லை. வேலை முடிந்து வந்ததும் வாளியில் உப்பைக் கரைப்பாள், தண்ணீரை மாற்றுவாள். மீன் மார்க்கெட்டில் உயிருள்ள சிப்பி வாங்கி, ஓட்டோடு பிளந்து பாறைமேல் வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். ஒரு நாள் அது தயங்கித் தயங்கி வந்தது. ஒரு கொத்து. திரும்பி வந்து இன்னொரு கொத்து! அன்று அவள் போட்ட கூச்சலில், மாடி வீட்டுக்காரர் திருடன் என்று நினைத்துக் கட்டையோடு இறங்கி வந்துவிட்டார்.

இப்போது அவள் சிப்பிச் சதையை விரல் நுனியில் நீட்டினாள். மீன் உரிமையோடு பிடுங்கித் தின்றது. அத்தானின் வாய்க்குள் ஈ போயிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

“இதை எனக்குக் குடுத்துடும்மா. புது வீட்டுல பெரிய தொட்டி கட்டறேன். அதுல விட்டா ராஜா மாதிரி இருக்கும்.”

அவள் மீனுக்கு அடுத்த துண்டை நீட்டினாள்.

“உன் கல்யாணத்தையே முன்னால நின்னு நடத்தினவன் நான். இதுவரைக்கும் உங்கிட்ட ஏதாவது கேட்டிருக்கேனா?”

“அவர் ஆசைப்பட்டுட்டாருடி” என்று அக்காவும் இழுத்தாள்.

கணவர் கண்ணாலேயே ‘குடுக்காதே’ என்றார். ஆனால் அத்தான் கேட்டு அந்தக் குடும்பத்தில் யாரும் மறுத்ததில்லை. அவர் முன்னால் அவள் குரலை உயர்த்தியதும் கிடையாது. கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“முடியாது அத்தான். குடுத்ததைத் திருப்பிக் கேக்கறது நல்லாவா இருக்கு?”

“நான் எப்பம்மா குடுத்தேன்?”

“வெளிநாடு போற அன்னிக்கு ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டி, ‘இது நாளைக்குத் தாங்காது, சாக்கடையில ஊத்திடு’ன்னு சொன்னீங்களே? அதுதான் இது.”

“விளையாடாதே! அது கறுநீலத்துல வெள்ளை வளையம் போட்ட குட்டி!”

“குட்டியில அப்படித்தான் இருக்கும் அத்தான். வளர வளர வளையம் போய், மஞ்சக் கோடு வந்துடும்.”

அக்கா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். “பதினஞ்சு வருஷமா வளர்க்கறீங்க, இதுகூடவா தெரியாது?”

அவருக்கு எப்படித் தெரியும்? அவர் வாங்கிய வளையக் குட்டிகளில் ஒன்றுகூட நிறம் மாறும்வரை உயிரோடு இருந்ததில்லையே!