மூன்றாவது குமிழ்

"அரே செல்வம் பாய், நீங்க வாங்கினது ரேடியோவா, உரலா?"

வாசலில் நின்று கேட்டவர் உதுமான். பக்கத்து டாலிகஞ்சில் மளிகைக் கடை வைத்திருப்பவர். செய்தி கேட்பதற்காகவே மழையில் குடை பிடித்து நடந்து வந்திருந்தார்.

உள்ளே பன்னீர்செல்வம் ரேடியோவின் துணி முகப்பில் காதை ஒட்டவைத்து உட்கார்ந்திருந்தார். வெளியே நின்ற பதினோரு பேருக்கும் 'தும் தும்' என்ற அதிர்வுதான் கேட்டது. செய்தி வாசிப்பவர் பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது.

எழுபத்திரண்டாம் வருஷம். தீவு நகரத்தின் லம்பா லைன் குடியிருப்பில், அந்த வரிசையில் எட்டு வீடுகள், ஒரே ரேடியோ. ஏழு மணித் தமிழ்ச் செய்திக்கு எல்லாரும் பன்னீர்செல்வத்தின் வாசலுக்கு வந்துவிடுவார்கள். கப்பல் எப்போது வரும் என்பதும் அதில்தான் தெரியும். விடாத மழையில் பஜார்ப் பக்கம் யாரும் போகவில்லை. இந்த நேரம் பார்த்து அன்று, செவ்வாய்க்கிழமை, ஒரு சொல்கூடப் புரியவில்லை.

"அண்ணே!" பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு மரகதத்தின் குரல் வந்தது. "கட்சால் லாஞ்ச் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்லம்மா."

"இன்னும் வரலியேண்ணே?"

"மழைம்மா. கார் நிகோபார்ல நிறுத்தி வெச்சிருப்பாங்க. நீ படு."

மரகதத்துக்கு ஒன்பதாம் மாதம். ரத்தக் கொதிப்பு வேறு. படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது, மனசு பதறினால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று நர்ஸம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார். அவள் கணவன் உதயசூரியன் கட்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் மேஸ்திரி. பிரசவத்துக்கு லீவு போட்டு லாஞ்ச் படகில் கிளம்பியிருந்தான். அதுவரை பன்னீர்செல்வத்தின் மனைவி விசாலாட்சிதான் கஞ்சி கொண்டு போய்க் கொடுத்துவந்தாள்.

மறுநாள் ஆறரை மணிக்கு கிருஷ்ணமூர்த்தியைக் கூட்டி வந்தார்கள். பவர் ஹவுஸ் ஃபிட்டர். ரேடியோ ரிப்பேரும் தெரியும். அவர் முட்டி போட்டுப் பெட்டியைப் பார்த்தார்.

"இதுல கோளாறே இல்ல சார். குமிழ் நாலு. முதல் குமிழ் சத்தத்துக்கு. ரெண்டாவது பாஸ். மிருதங்கம், தபேலா எல்லாம் அதுல. மூணாவது டிரெபிள். பேச்சு தெளிவா வர்றது அதாலதான். நாலாவது ஸ்டேஷன் பிடிக்க. நீங்க பாஸைப் பத்துல வெச்சு, டிரெபிளைப் பூஜ்யத்துல வெச்சிருக்கீங்க."

"ஓ" என்றார் பன்னீர்செல்வம்.

"பாஸ் மூணு, டிரெபிள் ஏழு. இதுக்கப்புறம் கையை வைக்காதீங்க."

சாக்பீஸால் இரண்டு கோடும் போட்டுக் கொடுத்தார். பாடிக்கொண்டிருந்த பெண்ணின் குரல் பளிச்சென்று வந்தது. வாசலில் கைதட்டினார்கள். மரகதமும் அந்தப் பக்கமிருந்து சுவரைத் தட்டினாள்.

ஏழு மணிக்கு ஒரு நிமிஷம் இருந்தது. பன்னீர்செல்வம் கையை நீட்டி இரண்டு குமிழையும் பழையபடி திருப்பினார்.

தும் தும்.

"என்ன சார் இது?" கிருஷ்ணமூர்த்திக்கு முகம் சுருங்கிவிட்டது.

"எனக்கு இப்படித்தான் பிடிக்குது."

"அப்போ ரேடியோவையே பந்த் பண்ணிடுங்களேன். எதுக்கு எங்க உசிரை வாங்கறீங்க?"

"பந்தும் பண்ண மாட்டேன். சத்தம் இல்லைன்னா எனக்கு ஆகாது."

வாசலில் ஆளுக்கு ஒன்று பேசினார்கள்.

"நாம கேட்டா அவருக்குக் கொறைஞ்சு போயிடுமாம்!"

"லாஞ்ச் வந்து நிக்கற ஜெட்டி ஆபீஸ்ல கிளார்க்குன்னா பெரிய லாட் சாகிப்னு நெனப்பு."

உதுமான் குடையை விரித்தார். "என் கடைக்கு வராமலா போயிடுவீங்க, பாய்? டப்பாவைத் திறக்காம குலுக்கிக் காட்டறேன். சத்தம் கேட்டுட்டுப் போங்க."

எல்லாரும் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். விசாலாட்சி கதவைச் சாத்தினாள்.

"நாளைக்குத் தண்ணிக் குழாயில இவங்க முகத்தைத்தானே நான் பாக்கணும்? ஏங்க இப்படிப் பண்றீங்க?"

"தெரியல."

"தெரியலையா?"

"கஞ்சி ஆறுது. அந்தப் பொண்ணுக்குக் கொண்டு போய்க் கொடு."

வியாழக்கிழமை மூன்று பேர்தான் வந்தார்கள். அவர்களும் செய்தி கேட்க வரவில்லை, கேலி பேச வந்தார்கள். கிருஷ்ணமூர்த்தி ஒருவர், உதுமான் ஒருவர், கடைசி வீட்டுக்காரர் ஒருவர்.

பன்னீர்செல்வம் வழக்கம்போல் துணி முகப்பில் காதை வைத்திருந்தார்.

"உள்ளேயே போய்ப் படுத்துக்கிட்டா இன்னும் நல்லா கேக்கும் சார்" என்றார் கிருஷ்ணமூர்த்தி.

அப்போதுதான் பன்னீர்செல்வம் வெடுக்கென்று நிமிர்ந்தார். இரண்டாவது குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார். மூன்றாவதைப் பத்துக்குத் திருப்பினார். பிறகு முதல் குமிழையும் கடைசிவரை முறுக்கினார்.

தலைப்புச் செய்திகளை மறுபடி வாசித்துக்கொண்டிருந்தார்கள். எட்டு வீட்டுக்கும் கேட்டது.

"செவ்வாய்க்கிழமை முதல் காணாமல் போயிருந்த கட்சால் மோட்டார் லாஞ்ச், சௌரா தீவின் அருகே கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. அதில் இருந்த ஒன்பது பேரும் நலமாக உள்ளனர்."

வாசலில் உதுமான் குடையை மடக்கிக் கீழே வைத்தார்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மரகதம் கேட்டாள்: "அண்ணே, லாஞ்ச் காணாமப் போயிருந்துச்சா? எப்போண்ணே?"

பன்னீர்செல்வம் ரேடியோவின் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

"இப்பத்தாம்மா. காணாமப் போனதும், கிடைச்சதும், ரெண்டும் இப்பத்தான்."