கதவு கேட்ட மூன்று நிமிடம்

வாசல் கதவை இயக்கும் அந்தக் கணினி நிரலை மதிவதனி தன் வீட்டுக்காகத்தான் எழுதினாள். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இணையத்தில் பொதுவில் போட்டதும், ஊரில் பாதிக் கதவுகள் அதில் ஓட ஆரம்பித்தன. திருத்தம் எதுவானாலும் அவள் பார்த்துச் சரி சொன்னால்தான் சேரும்.

அன்று புதிதாக ஒருவர், பெயர் போடாமல், நிரலைச் சுத்தம் செய்து அனுப்பியிருந்தார். வேண்டாத வரிகளையெல்லாம் பெருக்கித் தள்ளியிருந்தார். மதிவதனிக்குப் பரம திருப்தி. கடைசிப் பகுதிக்கு வந்ததும்தான் பகீரென்றது. மாமியார் வந்து நின்றால், "பூட்டு சிக்கிக்கிச்சு, கொஞ்சம் பொறுங்க" என்று கதவு மூன்று நிமிடம் சமாளிக்குமே, அதையும் நீக்கியிருந்தார். சோபாவில் குவிந்த துணியை அள்ளவும், வெள்ளிக்கிழமை பிரியாணிப் பொட்டலத்தை ஒளிக்கவும் அந்த மூன்று நிமிடம்தான் கதி.

"அருமையான வேலைங்க. அந்தத் தாமதத்தை மட்டும் விட்டுடுங்க. அது இல்லேன்னா பல வீட்ல குடித்தனமே நடக்காது" என்று எழுதினாள்.

உடனே பதில் வந்தது.

"சரிம்மா மதி, விட்டுடறேன். நான் இதெல்லாம் படிக்கக் கத்துக்கிட்டதே, உங்க வீட்டுக் கதவு என்னைப் பார்த்தா மட்டும் ஏன் சிக்குதுன்னு தெரிஞ்சுக்கத்தான். நின்னு நின்னு முழங்கால் வலிக்குது. ரெண்டு நிமிஷமாக் குறைச்சுக்கலாமா?"

மதிவதனி மூன்று நிமிடத்தில் கை வைக்கவில்லை. எழுந்துபோய், இருப்பதிலேயே நல்ல நாற்காலியாகப் பார்த்து வாசலுக்கு வெளியே போட்டுவிட்டு வந்தாள்.