நாலு மணிக்குக் கேட்ட பாஸ்வேர்ட்

நாலு மணிக்கு லண்டன் மாப்பிள்ளை வீட்டார் யதுர்ஷிகாவை வீடியோவில் பார்க்க இருந்தார்கள். காலையில் அப்டேட் ஆனதிலிருந்து மடிக்கணினி திரும்பத் திரும்பப் பாஸ்வேர்ட் கேட்டது. அவள் மூன்று தரம் போட்டும் திறக்கவில்லை.

“நீ எழும்பு, அம்மா போடட்டும்,” என்றார் அப்பா கதிர்காமநாதன்.

அம்மா விமலேஸ்வரி நிதானமாகத் தட்டினாள். மறுபடியும் கேட்டது.

அப்பா தன் பட்டன் போனில் நெளுக்குளத்துக் கம்ப்யூட்டர் கடைக்காரரைப் பிடித்தார்.

“பழைய பாஸ்வேர்டை ஒருக்காச் சரியாப் போட்டால் பிறகு கேக்காது, ஐயா.”

“அதைத்தானே தம்பி போடுறம்.”

மணி நாலரை ஆகிவிட்டது. லண்டனுக்குச் சமாதானம் சொல்ல, அவர் சிக்னல் தேடி முற்றத்துக்கு ஓடினார்.

யதுர்ஷிகா தலையைக் குனிந்தாள். “அம்மா, எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம். நான் வேணுமெண்டுதான் பிழையாப் போட்டனான்.”

“தெரியும். பக்கத்தில நிண்டு பார்த்தனான்.”

“அப்ப நீங்கள் போட்டது?”

அம்மா மடிக்கணினியை மூடினாள்.

“நீ போட்டதைத்தான்.”